ஏடிஎச்டி மாத்திரையும் பிள்ளையின் குணமாற்றமும்: புதிதாக ஆரம்பிக்கும் பெற்றோருக்கு

மதுரையில் டாக்டரைப் பார்த்து, பிள்ளைக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிதமிஞ்சிய துறுதுறுப்பும்) என்று தெரிந்துகொண்டு, மாத்திரை அட்டையோடு காரைக்குடி பஸ் ஏறும் பெற்றோரிடம் இருப்பது ஒரு மருந்துச் சீட்டும் "பசி கொஞ்சம் குறையும், தூக்கம் தள்ளிப்போகும்" என்ற ஒரு வரியும்தான். ஓபியில் கிடைக்கும் நேரம் அவ்வளவே. ஆனால் கொஞ்ச நாள் கழித்து அவர்கள் என்னிடம் கேட்பது பசியைப் பற்றியோ தூக்கத்தைப் பற்றியோ இருக்காது. "பள்ளிக்கூடத்துல தங்கமா இருக்கானாம் டீச்சர், வீட்டுக்கு வந்தா எங்களை ஒரு வழி பண்ணிர்றான்" என்பார் ஒருவர். "பேச்சே இல்ல, உம்முன்னு உக்காந்திருக்கா, எம்பிள்ளை மாதிரியே இல்ல" என்பார் இன்னொருவர். "விடிஞ்சு எந்திரிக்கும்போதே எரிஞ்சு விழுறான்" என்பார் மூன்றாமவர்.

மூன்றும் வேறு வேறு பிரச்சினைகள். தீர்வும் வேறு வேறு. ஆனால் வீட்டில் மூன்றுக்கும் நடப்பது ஒரே வைத்தியம்: யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுவது. நிறுத்துவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். மாத்திரை விழுங்கியது எத்தனை மணிக்கு, அழுகை வந்தது எத்தனை மணிக்கு? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நான் மருத்துவர் இல்லை, சிறப்புக் கல்வி ஆசிரியை. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மாற்றுவதும் டாக்டர் வேலை. அவர் சரியாக முடிவெடுக்க வீட்டிலிருந்து என்னென்ன தெரிய வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

அதிகம் எழுதப்படுவது மெத்தில்ஃபெனிடேட். இன்ஸ்பிரல், அட்வைஸ் போன்ற பெயர்களில் வரும். சாதாரண மாத்திரை 3 முதல் 4 மணி நேரம் வேலை செய்யும். பெயரோடு எஸ்ஆர் என்று இருந்தால் மெதுவாகக் கரையும் வகை. சுமார் 6 முதல் 8 மணி நேரம். கான்செர்ட்டா வகை 12 மணி நேரம் வரை நிற்கும். மெதுவாகக் கரையும் மாத்திரையை நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் கூடவே கூடாது. நாள் முழுக்கப் பிரிந்து இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். பிள்ளை படபடத்துப் போகும். விழுங்கத் தெரியாத பிள்ளை என்றால் அதை டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது அடமாக்ஸிடின். இது வேறு இனம். பலன் மெல்ல மெல்ல ஏறும். முழுதாகத் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். நாள் முழுக்க வேலை செய்வதால், மெத்தில்ஃபெனிடேட் போல மணிக்கணக்கில் ஏறி இறங்காது. மூன்றாவது குளோனிடின். இரத்த அழுத்தத்துக்கு வந்த பழைய மருந்துதான். சில பிள்ளைகளுக்குப் படபடப்பு, தூக்கமின்மைக்காகச் சேர்த்துத் தருவார்கள். பகலில் தூங்கி வழியச் செய்யும். இதைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும். ஆகவே "நாளையிலிருந்து வேண்டாம்" என்ற பேச்சு இந்த மருந்துக்கு ஆபத்து.

மெத்தில்ஃபெனிடேட் எல்லா மெடிக்கலிலும் இருக்காது. மருந்துச் சட்டத்தில் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் உள்ளது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி 2 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். அவர் கெடுபிடி செய்கிறார் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், சட்டம் அப்படி. அட்டையில் கடைசி நாலு மாத்திரை இருக்கும்போதே அடுத்த அட்டைக்கு ஏற்பாடு செய்யுங்கள். மாத்திரை தீர்ந்த நாளில் பிள்ளை பழையபடி ஓடும்; அதைப் பார்த்துவிட்டு "மருந்துதான் இவனை இப்படிக் கெடுத்திருச்சு" என்று சொன்ன வீடுகள் உண்டு. நாலு குடும்பம் புழங்கும் வளவு வீடு என்றால் மாத்திரையைப் பூட்டி வையுங்கள். சாமி அறை மாடத்திலும் ஃபிரிட்ஜ் மேலேயும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. அமெரிக்காவில் ஏடிஎச்டிக்குச் சர்வசாதாரணமாக எழுதும் ஆடரால் என்ற மாத்திரை இந்தியக் கடைகளில் கிடையாது. விடுமுறை முழுதுக்கும் தேவையானதை அங்கேயே டாக்டரிடம் பேசி, என்னென்ன விதி உண்டு என்று விசாரித்து, சீட்டோடு கொண்டுவர வேண்டும். அந்தப் பிள்ளையின் மாத்திரையை இந்தப் பிள்ளைக்கு "சும்மா ஒரு தடவை" கொடுத்துப் பார்ப்பது சட்டப்படியும் தப்பு, உடம்புக்கும் தப்பு.

மாத்திரைக்கு முந்திய வாரம்

இந்த வாரத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம். மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஒரு வாரம் பிள்ளை எப்படி இருக்கிறது என்று எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறது, நகம் கடிக்கிறதா, கண்ணைச் சிமிட்டுகிறதா, ஒரு நாளில் எத்தனை முறை அழுகிறது, தங்கச்சியை அடிக்கிறதா, தலைவலி வயிற்றுவலி என்று சொல்கிறதா.

காரணம் இருக்கிறது. மருந்து ஆய்வுகளில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் எரிச்சல், அழுகை, தூக்கமின்மை என்று பக்கவிளைவுப் பட்டியல் தருகிறார்கள். ஏடிஎச்டி உள்ள பிள்ளையிடம் இதெல்லாம் முன்பே இருப்பதுண்டு. மாத்திரை வந்த பிறகு நாம் உற்றுப் பார்க்க ஆரம்பிக்கிறோம், அதனால் கண்ணில் படுகிறது. பழைய கணக்கு கையில் இல்லாவிட்டால் புதிய கணக்கு உதவாது.

இதே வாரத்தில் இன்னொரு காரியம். குடும்பத்தில் யாருக்காவது மனநோய், இருமுனைக் கோளாறு (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது), தற்கொலை முயற்சி, முகத்தசைத் துடிப்பு, சின்ன வயதில் திடீர் மாரடைப்பு இருந்ததா என்று டாக்டர் கேட்பார். நம் வீடுகளில் இதற்கு வரும் பதில் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க". பெண்ணெடுக்க, பெண் கொடுக்க நாளைக்குத் தடையாகிவிடும் என்ற பயம். சின்னையாவுக்கு ஒரு காலத்தில் "மனசு சரியில்லாமப் போனது" டாக்டர் அறைக்குள் மட்டுமாவது சொல்லப்பட வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு மெதுவாக என்பதை அது மாற்றும்.

ஆரம்பிக்கும் நாளையும் பார்த்து வையுங்கள். நல்ல நேரம் பார்ப்பதைச் சொல்லவில்லை. வீட்டில் அறுபதாம் சாந்தி, கொப்புடையம்மன் திருவிழா, குன்றக்குடி பங்குனி உத்திரம் என்று ஊரே கூடியிருக்கும் வாரம் வேண்டாம். சரியாகச் சாப்பிடாமல், நள்ளிரவு வரை விழித்திருந்து, நாற்பது பேர் கன்னத்தைக் கிள்ளினால் எந்தப் பிள்ளையும் எரிந்துதான் விழும். முதல் மாத்திரை சனிக்கிழமை காலை என்றால் நீங்களே இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

பிள்ளைக்கு 6 வயது ஆகவில்லையா? அந்த வயதில் எரிச்சலும் அழுகையும் கூடுதலாக வரும். பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான் முதலில், மருந்து பிறகு என்பது மருத்துவ வழிகாட்டுதல். அதைக் கேட்டுப் பெறுங்கள்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம்கூட வேண்டாம், ஆறு வரி. மாதிரிக்கு, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் ஒரு நாள், எஸ்ஆர் மாத்திரை:

காலை 7.30: நாலு இட்லி, மாத்திரை.
11.00: டீச்சர் சொன்னது: கணக்கு முடித்தான், இடத்தில் இருந்தான்.
1.00: டப்பாவில் பாதி திரும்பி வந்தது.
4.00: வேனை விட்டு இறங்கும்போதே முகம் கறுத்திருந்தது. பையை எறிந்தான். "நீ ஏன் லேட்டு" என்று அழுகை. தங்கச்சிக்கு அடி.
5.00: வெள்ளைப் பணியாரம் ஐந்து, சைக்கிள். சாதாரணமாகிவிட்டான்.
10.15: தூக்கம்.

இந்த ஆறு வரியை டாக்டர் அரை நிமிடத்தில் படித்துவிடுவார். "ரொம்பக் கோபப்படுறான் சார்" என்று மட்டும் சொன்னால் அவருக்கும் ஊகம்தான் மிஞ்சும். "கோபம், பிடிவாதம்" என்று குணத்தை எழுதாமல் நடந்ததை எழுதுங்கள்: பையை எறிந்தான், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்டாலும் சரிதான். நேரம் தானாகவே பதிவாகிவிடும்.

மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது மாற்றம் என்றால்

விழுங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கி, மருந்து வேலை செய்யும் நேரம் முழுக்க நீடிக்கும் மாற்றம் இது. இரண்டு விதமாக வரும். ஒன்று, படபடப்பு: கை நடுக்கம், காரணமில்லாத பயம், ஓயாத பேச்சு, சின்ன விஷயத்துக்குக் கண்ணீர். மற்றொன்று, அடங்கிப்போவது. மந்திரிச்சுவிட்ட கோழி மாதிரி இருக்கிறான் என்று நம் பக்கம் சொல்வார்களே, அதேதான். சிரிப்பு வராது, சண்டை வராது, கேள்வி வராது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

இந்த இரண்டாவது வகையில்தான் ஏமாந்துபோவோம். ஏனென்றால் எல்லோரும் பாராட்டுவார்கள். "இப்பத்தான் பிள்ளை பிள்ளையா இருக்கு" என்று அப்பத்தா மெச்சுவார். வகுப்பில் தொந்தரவு இல்லை என்று பள்ளியில் சொல்வார்கள். பிள்ளை வாயைத் திறந்து குறை சொல்லாது. எனக்கு இதில் சமரசம் இல்லை: பிள்ளை அமைதியாக இருப்பதற்காக இந்த மாத்திரை எழுதப்படவில்லை. எடுத்த வேலையை முடிக்க முடிகிறதா, காது கொடுத்துக் கேட்க முடிகிறதா என்பதற்குத்தான். முன்பு எதைப் பார்த்துச் சிரிக்குமோ அதைப் பார்த்து இப்போதும் சிரிக்கிறதா என்று பாருங்கள். சிரிக்கவில்லை என்றால் அளவு அதிகம் அல்லது அந்த மருந்து ஒத்துவரவில்லை என்று டாக்டர் எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் அளவைக் குறைத்தாலே பிள்ளை திரும்பிவிடும். குறைத்தும் மாறாவிட்டால் மருந்தை மாற்றுவார்.

வழக்கமாகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு படியாகத்தான் ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் நோட்டில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். எந்தப் படியில் சிரிப்பு போனது என்று அப்போதுதான் தெரியும்.

மாத்திரை இறங்கும்போது வரும் ஆட்டம்

மேலே நான் எழுதிய பையனின் 4 மணி இதுதான். மருந்து உடம்பை விட்டு இறங்கும்போது, அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து கிளம்பியது போல, மாத்திரைக்கு முன்பிருந்ததைவிடவும் கொஞ்ச நேரம் மோசமாக இருக்கும். அரை மணி, ஒரு மணி நேரம், பிறகு அடங்கும். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருவதுதான் அடையாளம். காலை மாத்திரையை ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுத்த நாளில் அழுகையும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப் போனால் சந்தேகமே வேண்டாம்.

இதில் பள்ளியில் நல்லவன், வீட்டில் கெட்டவன் என்ற அவப்பெயர் பிள்ளைக்கு வந்துவிடுகிறது. அம்மாவுக்கும் வருகிறது, "உனக்குப் பிள்ளையை வச்சுக்கத் தெரியல" என்று. மாத்திரையின் நல்ல பகுதியை டீச்சர் பார்க்கிறார், இறங்கும் பகுதியை அம்மா பார்க்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

என்ன செய்யலாம்? அந்த ஒரு மணி நேரத்தைக் காலியாக விடுங்கள். வந்ததும் சாப்பாடு, மத்தியானம் சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்குப் பசியும் சேர்ந்துதான் ஆடும். பிறகு சைக்கிள், முற்றத்தில் பந்து, எதுவானாலும் உடம்பு அசைய. 5 மணி டியூஷனை 6 மணிக்கு மாற்றக் கேளுங்கள். மாற்ற முடியாதென்றால் அந்த டியூஷனை விடுவதே மேல். வீட்டுப்பாடம், கண்டிப்பு, "இன்னைக்கு என்ன மார்க்கு" எதுவும் அப்போது வேண்டாம். இதைச் செய்தும் தினமும் ரகளை என்றால் டாக்டரிடம் வழிகள் உண்டு: நீண்ட நேர வகைக்கு மாற்றுவது, பிற்பகலில் சின்ன அளவில் ஒன்று சேர்ப்பது, காலை நேரத்தை நகர்த்துவது. "பக்கவிளைவு, நிறுத்தணும்" என்பதற்கும் "இறங்கும் நேரம் கஷ்டமா இருக்கு, என்ன செய்யலாம்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் பல பிள்ளைகளின் ஒரு கல்வியாண்டே இருக்கிறது.

நாள் முழுக்க என்றால்

காலையில் கண் விழிக்கும்போதே, மாத்திரை தொண்டையில் இறங்குவதற்கு முன்பே எரிச்சலாக இருக்கும் பிள்ளைக்கு, நேற்றுக் காலை கொடுத்த மெத்தில்ஃபெனிடேட்டைக் குற்றம் சொல்ல முடியாது. அது இரவே போய்விட்டது. தூக்கம் போதவில்லையா, பள்ளி வேனில் யாராவது அடிக்கிறார்களா, வாசிக்கத் தெரியாததை மறைக்கிறதா, வீட்டில் சண்டையா என்று தேடுங்கள். ஏடிஎச்டியோடு பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்தே வருவதுண்டு. அடமாக்ஸிடின் எடுக்கும் பிள்ளை என்றால் கதை வேறு. அங்கே நாள் முழுக்க இருக்கும் எரிச்சலுக்கு மருந்தும் காரணமாகலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

பசி கோபமாக வரும்

மாத்திரை விழுங்கும் முன் வயிறு நிறையச் சாப்பிட வையுங்கள். அரசுப் பள்ளியில் காலை உணவு சாப்பிடும் பிள்ளை என்றால், வீட்டிலேயே ஏதாவது கொடுத்து மாத்திரை போடுவதா, பள்ளியில் சாப்பிட்ட பிறகா என்று டாக்டரிடம் கேட்டு நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு நாள் ஓடக் கூடாது. மத்தியான டப்பா திரும்பி வந்தால் திட்டாதீர்கள். அந்த நேரத்தில் பசி உண்மையாகவே இருக்காது. சத்துணவு முட்டையையாவது சாப்பிடச் சொல்லுங்கள், போதும்.

விட்டதை மாலையில் பிடிக்கலாம். நம் சமையலுக்கு அதில் பஞ்சமே இல்லை. உளுந்து, கருப்பட்டி, நெய் சேர்ந்த கும்மாயம் ஆடி மாதத்துக்கு மட்டும் என்று யார் சொன்னது? பால் பணியாரம், கவுனி அரிசி, நெய் ஊற்றிய இளந்தோசை. ராத்திரி எட்டரைக்கு மேல் "பசிக்குது" என்று வந்து நின்றால் அது நடிப்பு இல்லை, கொடுங்கள். வாரம் ஒரு நாள் எடை பார்த்துப் பயந்துகொண்டிருக்க வேண்டாம். 10 வயது வரை 3 மாதத்துக்கு ஒரு முறை எடை, 6 மாதத்துக்கு ஒரு முறை உயரம், அளவு மாறும்போதெல்லாம் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும். உயரம் வளர்வது முதல் சில வருஷம் கொஞ்சம் மந்தப்படலாம், அதனால்தான் இந்தக் கணக்கு.

காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ஐயா குடிக்கும் டபராவிலிருந்து பேரனுக்கு ரெண்டு வாய் போகும். மெத்தில்ஃபெனிடேட்டோடு காப்பியும் சேர்ந்தால் படபடப்பு கூடும், தூக்கம் போகும். மூக்கடைப்பு சிரப் சிலவற்றில் உள்ள ஃபீனைலெஃப்ரினும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குமுன் பிள்ளை எடுக்கும் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். வல்லாரை லேகியம், ஞாபகசக்தி டானிக் எல்லாம் இதே கணக்கில்தான். கொடுப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

தூக்கம்

ராத்திரி பத்தரை வரை விழித்திருந்த பிள்ளை மறுநாள் எரிந்து விழும். அதை மாத்திரையின் நேரடி வேலை என்று நினைப்போம். மாலையில் தாமதமாகப் போடும் சாதாரண மாத்திரைதான் இதில் முதல் சந்தேகம். ஆனால் முன்பே தூங்காத பிள்ளையா என்று முந்திய வாரப் பக்கத்தைப் பாருங்கள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்க, சிங்கப்பூரிலிருந்து வீடியோ கால் வந்துகொண்டிருக்க, பிள்ளை மட்டும் ஒன்பதுக்குத் தூங்க வேண்டுமென்றால் நடக்காது. வீட்டின் உள்பக்கம் இருட்டான ஓர் அறை, போன் வெளியே. இதெல்லாம் செய்தும் நடக்காவிட்டால் டாக்டர் நேரத்தை மாற்றுவார், அல்லது மெலடோனின் போன்றதை யோசிப்பார்.

நகம், கண் சிமிட்டல்

நகம் கடித்தல், உதட்டைப் பிய்த்தல், கண் சிமிட்டல், தொண்டையைச் செருமுதல் வந்தால் எழுதி வையுங்கள், அதட்டாதீர்கள், அதட்டினால் கூடும். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்கு இத்தகைய துடிப்புகள் மருந்து இல்லாமலே அதிகம். அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும், பெரிதாகிப் பிள்ளைக்குச் சங்கடமானால் மட்டும் முன்னதாக.

அன்றைக்கே போன் செய்ய வேண்டியவை

இங்கே நோட்டு வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். இல்லாத ஒன்றைப் பார்ப்பது, கேட்பது; "மேலெல்லாம் பூச்சி ஊருது", "பாம்பு தெரியுது" என்பது. தூக்கமே தேவையில்லாத அளவுக்கு மிதமிஞ்சிய உற்சாகம், தன்னைக் கடவுள் என்பது போன்ற பேச்சு. எல்லோரும் தனக்கு எதிரி என்ற சந்தேகம். சாக வேண்டும் என்ற பேச்சு, தன்னையே காயப்படுத்திக்கொள்வது. மயக்கம், நெஞ்சு வலி. இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மெத்தில்ஃபெனிடேட்டைக் கொடுக்காமல் டாக்டரை அழையுங்கள். அடமாக்ஸிடின், குளோனிடின் என்றால் டாக்டரிடம் பேசிவிட்டு அவர் சொன்னபடி.

இவை அபூர்வம். ஏற்கனவே மனநோய் இல்லாத பிள்ளைகளிடம் இப்படி மாயக்காட்சி வந்தது, குறுகிய கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான். வந்தாலும் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் நம் பக்கம் பிள்ளை "பூச்சி ஊருது" என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோடாங்கியும் திருஷ்டியும். திருநீறு பூச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போனை முதலில் எடுங்கள், திருநீறு அப்புறம்.

அடமாக்ஸிடினுக்குத் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இல் போட்டது. ஆய்வுகளில் அதை எடுத்த பிள்ளைகளில் ஆயிரத்தில் நாலு பேருக்குத் தற்கொலை எண்ணம் தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் யாருக்கும் இல்லை. தற்கொலை எதுவும் நடக்கவில்லை. ஆகவே பயந்து ஒதுக்க வேண்டிய மருந்தல்ல. முதல் சில வாரங்களும் அளவு மாறும் வாரங்களும் கண் வைக்க வேண்டிய மருந்து. "செத்துப் போறேன்" என்பதை நம் ஊரில் பெரியவர்களே சாதாரணமாகச் சொல்வதால் பிள்ளை சொல்வதும் காதில் ஏறாது. இந்த வாரங்களில் ஏற வேண்டும். உட்காரவைத்து நேராகவே கேளுங்கள். கேட்டதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

டாக்டர் கிடைக்காத நேரத்தில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

அப்பத்தாவும் டீச்சரும்

வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாமல் மாத்திரை கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நீடிக்காது. அப்பத்தாவிடம் மருந்தியல் பேச வேண்டாம். "மாத்திரை சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கும், அப்ப பிள்ளை அழுவான், நீங்க பணியாரம் ஊத்திக் குடுங்க ஆத்தா, ஒண்ணும் கேக்காதீங்க" என்று வேலை ஒன்றை ஒப்படைத்தால் அவர் கட்சி மாறிவிடுவார். பல வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் தினமும் ஒரு வரி கேளுங்கள்: "காலையில் எப்படி, மத்தியானத்துக்குப் பிறகு எப்படி?" மத்தியான மாத்திரை பள்ளியில் கொடுக்க வேண்டுமென்றால் தலைமையாசிரியருக்கு எழுத்தில், சீட்டின் நகலோடு கொடுங்கள்; மாத்திரையைப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பாதீர்கள். கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள். பள்ளியோடு பேச அவர்களைக் கூட அழைக்கலாம்.

ஒன்றை மட்டும் வீட்டிலும் வகுப்பிலும் தடை செய்யுங்கள்: "இன்னைக்கு மாத்திரை போட்டியா இல்லையா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பது. சேட்டை செய்தால் மாத்திரை போடாததால், நன்றாக எழுதினால் மாத்திரையால் என்று ஆகிவிட்டால் பிள்ளைக்கென்று என்ன மிச்சம்? கணக்குப் போட்டது பிள்ளைதான், மாத்திரை உட்கார உதவியது. இதை அதன் காதுபட அடிக்கடி சொல்லுங்கள். பத்து வயதுக்கு மேல் மாத்திரையைத் துப்பிவிட்டு வரும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இந்தக் கேள்வியைத்தான் சொல்வார்கள்.

மறு சந்திப்பு

முதல் மாதத்திலேயே ஒரு முறை போய்வர வேண்டும். தூரம் என்றால் இடையில் போனில் பேச முடியுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மதுரைக்கு அலைய முடியாதவர்கள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை விசாரிக்கலாம். மதுரையே வசதி என்றால் அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. கையில் நோட்டு, மாத்திரை அட்டை, டீச்சரின் வரிகள், பழைய சீட்டு. கேட்க வேண்டியவை இவை: இது அளவாலா, நேரத்தாலா, மருந்தாலா? குறைத்துப் பார்க்கலாமா? ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை விடலாமா? ஞாயிறு விடுவதை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். சிலருக்குச் சரி, சிலருக்குத் திங்கட்கிழமை ரகளையாகிவிடும்.

"ஆயுசுக்கும் இதுதானா?" என்று கடைசியில் எல்லோரும் கேட்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது இன்னும் தேவையா என்று டாக்டர் சரிபார்க்க வேண்டும். சில வாரம் நிறுத்தியும் பார்ப்பார்கள். மே மாதத்தில் வேண்டாம் என்பது என் யோசனை. பள்ளி இல்லை, கல்யாண சீசன், வீடு நிறையச் சனம், எதுவும் தெரியாது. காலாண்டுத் தேர்வு நெருங்காத ஒரு சாதாரண ஜூலை வாரத்தைக் கேளுங்கள், டாக்டர் சம்மதித்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் அவர் என்ன கவனித்தார் என்று பிறகு கேட்டுப் பாருங்கள்.